விரைவின் விலை

செலவு என்பது கணக்கர்களின் விஷயம் என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் ஒரு மனிதனையோ, ஒரு சமுதாயத்தையோ, ஓர் அரசாங்கத்தையோ உள்ளபடி அறிய வேண்டுமானால், அவர்கள் ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்பதைவிட, அவர்களுடைய பணம் எந்த வாசல் வழியே வெளியே சென்றது என்று பார்ப்பதே நேர்வழி. வாயால் ஒன்றைப் புகழ்ந்து, கையால் வேறொன்றுக்குச் செலவிடுவோர் உலகில் நிறைய உண்டு. ஆகவே செலவு பற்றிய கேள்வி, முதலும் முடிவுமாக ஒழுக்கம் பற்றிய கேள்வியே ஆகும்.

சிறிய செலவுகளில் இக்கேள்வியின் உருவம் தெளிவாகத் தெரிவதில்லை. மிகப் பெரிய செலவொன்றில் வைத்துப் பார்த்தால் அது பளிச்செனத் தெரியும். மனிதன் படைத்த பொருள்களுள் அளவிறந்த பணத்தை விழுங்கியவை எவை என்று கேட்டால், ஒலியை மிஞ்சிப் பறக்கும் பயணி விமானமும், விமானங்களுக்கு உயிராக விளங்கும் ஜெட் எஞ்சினும் அவ்வரிசையின் முன்னே வந்து நிற்கும். குன்றத்தூர், அனகாபுத்தூர், பம்மல் வட்டாரத்தில் வாழும் நமக்கு விமானம் விந்தைப் பொருளன்று. மீனம்பாக்கத்தில் ஏறி இறங்கும் விமானங்களின் இரைச்சல் நம் வீட்டுப் பேச்சின் நடுவே புகுந்து வெளியேறுகிறது. சிறுவர்கள்கூட அண்ணாந்து பார்ப்பதை மறந்துவிட்டனர். ஆனால் அந்த இறக்கையின் கீழே தொங்கும் எஞ்சின் ஒன்றை உருவாக்க எத்தனை கருவூலங்கள் திறக்கப்பட்டன, எத்தனை கருவூலங்கள் காலியாயின என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

இச்செலவு பற்றி இரண்டு பதில்கள் எக்காலத்தும் ஆயத்தமாக இருக்கின்றன. “விஞ்ஞான வளர்ச்சிக்கு விலை பேசாதே” என்பது ஒன்று. “ஒருவன் பசித்திருக்கையில் மற்றொருவனுக்குப் பறப்பதற்கு என்ன அவசரம்?” என்பது மற்றொன்று. இரண்டும் காதுக்கு இனியவை. இரண்டும் சிந்தனைக்குச் சிரமம் தராதவை. முதற்பதிலை ஏற்றால் எந்த வீண்செலவையும் விஞ்ஞானத்தின் பெயரால் நியாயப்படுத்திவிடலாம். இரண்டாம் பதிலை ஏற்றால் பள்ளிக்கூடமோ ஆராய்ச்சியோ எதையுமே எந்த ஏழை நாடும் தொடங்க முடியாது. ஏனெனில் பசித்தவன் ஒருவன் எங்கேனும் இருந்துகொண்டே இருப்பான். இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் அளவுகோல் நமக்குத் தேவைப்படுகிறது.

முத்தவல்லியின் பொறுப்பு

அந்த அளவுகோலைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டுவரும் ‘ஹிதாயா’ என்னும் ஹனபி சட்ட நூல், கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மர்கீனானி இமாம் இயற்றியது. பள்ளிவாசலை அழகு செய்வது பற்றி அதில் ஒரு சிறு பாகுபாடு காணப்படுகிறது. ஒருவர் தம் சொந்தப் பணத்தைக் கொண்டு பள்ளிவாசலின் சுவரில் சித்திர வேலை செய்தால் அதில் குற்றமில்லை. ஆனால் வக்புப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் முத்தவல்லி, கட்டடத்தை உறுதிப்படுத்தும் வேலைக்கு மட்டுமே அதிலிருந்து எடுக்கலாம். அலங்காரத்துக்கு எடுத்தாரானால் அத்தொகைக்கு அவரே பொறுப்பாளி. தம் கையிலிருந்து அவர் ஈடு செய்தாக வேண்டும்.

இதில் உள்ள நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அழகு தீயது என்று இவ்விதி கூறவில்லை. பெருஞ்செலவு தீயது என்றும் கூறவில்லை. ஆட்டங்கண்ட தூணை மாற்றும் வேலை, சித்திர வேலையைவிடப் பன்மடங்கு செலவு பிடிக்கலாம். அது கேட்பவை மூன்றே கேள்விகள். பணம் யாருடையது? செலவு உறுதிக்கா, அலங்காரத்துக்கா? தவறினால் ஈடு செய்பவர் யார்? ஒரு தெருவின் பள்ளிவாசலுக்குப் பொருந்தும் இம்மூன்று கேள்விகளும், ஓர் அரசாங்கத்தின் கருவூலத்துக்கும் அப்படியே பொருந்தும். மக்களின் வரிப்பணமும் ஓர் அமானிதமே. அமைச்சரும் அதிகாரியும் ஒருவகையில் முத்தவல்லிகளே.

பஹ்ரைனில் இறங்கிய இரு விமானங்கள்

1962-ஆம் ஆண்டு நவம்பர் 29 அன்று பிரிட்டனும் பிரான்சும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறக்கும் பயணி விமானமொன்றைச் சேர்ந்து உருவாக்குவது என்பது அதன் சாரம். அதற்குப் பின்னர் இடப்பட்ட பெயர் கன்கார்டு. தொடக்கத்தில் சொல்லப்பட்ட மதிப்பீடு 15 கோடி முதல் 17 கோடி பவுன் வரை. 1969 மார்ச்சில் முதல் விமானம் பறந்தது. 1976-இல் அது பயணிகளை ஏற்றத் தொடங்கியபோது, ஆக்கச் செலவு 100 கோடி பவுனைத் தாண்டிவிட்டிருந்தது. இவ்வளவு செலவிட்டுக் கட்டப்பட்ட விமானங்கள், சோதனைக்கானவற்றையும் சேர்த்து, மொத்தம் 20. விமான நிறுவனங்களின் சேவைக்கு வந்தவை 14 மட்டுமே.

ஒரு காலத்தில் உலகின் பெரிய விமான நிறுவனங்கள் பலவும் கன்கார்டு வேண்டும் என்று முன்பதிவு செய்திருந்தன. நம் ஏர் இந்தியாவும் 2 விமானங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தது. விலையும் எரிபொருள் செலவும் தெரியத் தெரிய ஒவ்வொரு நிறுவனமாக விலகிற்று. ஏர் இந்தியாவும் விலகிற்று. கடைசியில் எஞ்சியவை பிரிட்டிஷ், பிரெஞ்சு அரசாங்கங்களுக்கே சொந்தமாயிருந்த இரண்டு நிறுவனங்கள்தாம். விமானத்தில் அமரக்கூடியோர் ஏறக்குறைய 100 பேர். தொட்டிகள் நிறையக் கொள்ளும் எரிபொருள் ஏறக்குறைய 95 டன். ஆளுக்கு ஒரு டன்னை ஒட்டிய கணக்கு. லண்டனிலிருந்து நியூயார்க்கை மூன்றரை மணி நேரத்தில் அடையலாம். சாதாரண ஜெட் விமானத்துக்கு அதைப்போல் இருமடங்கு நேரம் தேவை. மிச்சமாகும் சில மணி நேரத்துக்காக அக்கட்டணத்தைக் கொடுக்க முடிந்தவர்கள் பெருவணிகரும் திரை நட்சத்திரங்களும் போன்ற மிகச் சிலரே. பிற்காலத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அதை ஓட்டி இலாபம் கண்டதுண்டு. ஆனால் ஆக்குவதற்கு மக்கள் கொடுத்த பணம் திரும்பி வரவே இல்லை. அதாவது, விமானத்தில் ஒருநாளும் ஏறாத சுரங்கத் தொழிலாளியும் நெசவாலைப் பெண்ணும், ஏறிச் சென்ற சீமானின் பயணச்சீட்டில் ஒரு பங்கைத் தங்கள் வரிப்பணத்தால் கொடுத்தார்கள்.

இங்கே நம்மவர்க்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. 1976 ஜனவரி 21 அன்று பிரிட்டிஷ் கன்கார்டின் முதல் பயணிச் சேவை லண்டனிலிருந்து எந்த ஊருக்குச் சென்றது தெரியுமா? பஹ்ரைனுக்கு! எண்ணெய்ச் செல்வம் பெருகத் தொடங்கியிருந்த காலம் அது. அதே பத்தாண்டில்தான் தமிழகத்தின் கடற்கரை ஊர்களிலிருந்தும் உள்நாட்டு ஊர்களிலிருந்தும் நம் இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிப் புறப்பட்டனர். கடல் கடந்து சென்று பொருளீட்டுவோரைச் சபுராளி என்றழைப்பது நம் ஊர்களின் வழக்கம். அந்தச் சபுராளிகளை ஏற்றிச் சென்றது கன்கார்டு அன்று. ஒலிக்குப் பின்தங்கிப் பறக்கும் சாதாரண ஜெட் விமானங்களே. 1970-களின் நடுவிலிருந்து, பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட கல்ஃப் ஏர் நிறுவனம் டிரைஸ்டார் என்னும் பெரிய விமானங்களை ஓட்டியது. கன்கார்டின் எஞ்சினிலும் டிரைஸ்டாரின் எஞ்சினிலும் ரோல்ஸ் ராய்ஸ் என்னும் ஒரே பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைவண்ணம் இருந்தது. ஒரே ஊரில் இறங்கிய இவ்விரு விமானங்களை அருகருகே நிறுத்திப் பார்த்தால், ‘ஹிதாயா’வின் பாகுபாடு கண்முன்னே உருவெடுத்து நிற்பதைக் காணலாம்.

கீழே இருப்பவர்களின் உரிமையும் இதில் உண்டு. ஒலியை மிஞ்சும் விமானம் தன் பாதை நெடுகிலும் இடிமுழக்கம் போன்ற அதிர்வைத் தரையில் விரித்துக்கொண்டே செல்லும். பயணம் செய்பவன் 100 பேரில் ஒருவன்; அதிர்ச்சியைத் தாங்குவோர் கீழே உள்ள இலட்சக்கணக்கானோர். 1977 டிசம்பரில் கன்கார்டு பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்குச் செல்லத் தொடங்கியபோது மலேசியா இரைச்சலைக் காட்டி மறுத்தது, சேவை நின்றது. 1979-இல் மீண்டும் தொடங்கியும் 1980-இல் முடிவுக்கு வந்தது. இந்தியா தன் நிலப்பரப்பின் மேலே ஒலியை மிஞ்சும் வேகத்தை அனுமதிக்கவில்லை. தன் வீட்டு விருந்தின் கொட்டுமுழக்கால் அண்டை வீட்டு நோயாளியின் உறக்கத்தைக் கெடுக்க எவனுக்கும் உரிமையில்லை என்று நாம் கருதுவோமானால், அந்நாடுகளின் மறுப்பை நாம் முறையென்றே கொள்ள வேண்டும்.

நெருப்பினுள் சுழலும் உலோகம்

ஜெட் எஞ்சினுக்கு ஏன் இவ்வளவு விலை என்பதையும் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். கொள்கை எளிது. முன்புறம் காற்றை உறிஞ்சுவது; அதை அழுத்திச் சுருக்குவது; எரிபொருளைத் தெளித்துக் கொளுத்துவது; சீறி வெளியேறும் வெப்ப வாயுவால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அச்சுழற்சியாலேயே முன்னுள்ள காற்றழுத்தியை இயக்குவது; எஞ்சிய விசையால் முன்னேறுவது. பள்ளி மாணவனும் இதை வரைந்து காட்டிவிடுவான்.

தொல்லை நெருப்பில் இருக்கிறது. இக்காலத்து எஞ்சினில் அவ்வாயுவின் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அதன் நடுவே சுழலும் டர்பைன் பிளேடுகள் செய்யப்பட்ட நிக்கல் கலப்பு உலோகமோ, அதற்குக் கீழ்ப்பட்ட வெப்பத்திலேயே உருகிவிடக் கூடியது! உருகும் வெப்பத்தில் உருகாமல், நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழன்று, டன் கணக்கான இழுவிசையைத் தாங்கி, ஆயிரக்கணக்கான மணி நேரம் அது உழைக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு பிளேடின் உள்ளேயும் மயிரிழை போன்ற துளைகளை அமைத்துக் காற்றைச் செலுத்திக் குளிர்விக்கின்றனர். முழுப் பிளேடும் ஒரே படிகமாக வளரும்படி வார்த்தெடுக்கின்றனர். பின்னர் எஞ்சினுக்குள் பறவையை எறிந்தும், பனிக்கட்டியையும் தண்ணீரையும் கொட்டியும், ஓடும்போதே ஒரு பிளேடை உடைத்தும் சோதிக்கின்றனர். ஒரு சோதனையில் தவறினால் மீண்டும் தொடக்கத்துக்குச் செல்ல வேண்டும். பெரிய பயணி விமானங்களுக்கு எஞ்சின் செய்யும் நிறுவனங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம் என்பதன் காரணம் இதுவே. பிரியாணிக்கு வேண்டிய சாமான்களின் பட்டியலை யாரும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பண்டாரியின் கைப்பக்குவத்தை எந்தப் பட்டியலில் எழுத முடியும்? எஞ்சினிலும் அப்படியே. விலைக்குக் கிடைப்பது பொருள். பக்குவம் பல்லாண்டுத் தோல்விகளுக்குப் பின்னரே கைக்கு வரும்.

இந்தப் பக்குவத்துக்கான விலை ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தையே கவிழ்த்தது. டிரைஸ்டாருக்கென்று அது ஆக்கிய ஆர்.பி. 211 எஞ்சினின் செலவு கட்டுக்கடங்காமல் பெருகி, 1971 பிப்ரவரி 4 அன்று அந்நிறுவனம் திவாலாயிற்று. பிரிட்டிஷ் அரசாங்கம் அதை ஏற்று நடத்த வேண்டியதாயிற்று. அதாவது இங்கும் மக்கள் பணம்தான் பொறுப்பேற்றது. ஆனால் விளைவைப் பாருங்கள். ஆர்.பி. 211-உம் அதன் வழிவந்த எஞ்சின்களும் டிரைஸ்டாரில் மட்டுமின்றிப் போயிங் விமானங்களிலும் பொருத்தப்பட்டுக் கோடிக்கணக்கான மக்களைச் சுமந்தன. ஒரு காலத்தில் நம் ஹாஜிகள் பம்பாய்த் துறைமுகம் சென்று கப்பலேறி, நாட்கணக்கில் கடலில் அலைப்புண்டு ஜித்தாவை அடைந்தனர். 1995-உடன் அக்கப்பல் பயணம் நின்றது. இன்று சில மணி நேரத்தில் முதியவரும் நோயாளியும்கூடச் சென்று சேர்கின்றனர். அந்த எளிமை, எங்கோ எவரோ பட்ட நஷ்டத்தின் மேல் எழுந்தது.

ஆகவே செலவின் அளவு நமக்குத் தீர்ப்புச் சொல்வதில்லை. கன்கார்டும் ஆர்.பி. 211-உம் பிரிட்டனின் கருவூலத்தை ஒரே காலத்தில் உறிஞ்சின. ஒன்று சிலருடைய நேரத்தை மிச்சப்படுத்தியது; மற்றொன்று பலருடைய தூரத்தைக் குறைத்தது. ஒன்று சுவர்ச் சித்திரம், மற்றொன்று தூண்.

கன்கார்டின் பக்கம் நின்று வாதாடுவோர் சொல்வதையும் மறைக்கலாகாது. அதில் முதன்முதல் கையாளப்பட்ட மின்சாரக் கட்டுப்பாடும், கார்பன் பிரேக்கும் பின்னாளைய விமானங்களுக்குப் பயன்பட்டன. இரு நாடுகள் கூடி விமானம் செய்யும் பழக்கம் அதில்தான் வேரூன்றிற்று. உண்மையே. ஆனால் வீட்டுக்குத் தேவையான விறகுக்காக அரண்மனை ஒன்றைக் கட்டி இடித்தவனை நாம் சிக்கனக்காரன் என்று புகழ்வதில்லை. அந்நன்மைகளை நேர்வழியில் சென்றே பெற்றிருக்கலாம்.

இரவல் இதயம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே கதை தலைகீழாக நிற்கிறது. 1950-களின் பிற்பகுதியில், குர்ட் டாங்க் என்னும் ஜெர்மானிய விமான நிபுணரின் தலைமையில், பெங்களூரின் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் ‘மாருத்’ என்னும் ஜெட் போர் விமானம் வடிவமைக்கப்பட்டது. 1961 ஜூன் மாதத்தில் அது பறந்தது. ஒலியை மிஞ்ச வேண்டும் என்பதே அதன் நோக்கம். உடல் ஆயத்தமாயிற்று, உயிர் கிடைக்கவில்லை. அதற்கென எண்ணியிருந்த பிரிட்டிஷ் எஞ்சின் ஆர்ஃபியஸ் 12. அதை ஆக்கி முடிக்க வேண்டிய பணத்தை இந்தியா கொடுத்தால் செய்து தருவதாக அந்நிறுவனம் கூறிற்று. இந்தியா இசையவில்லை, எஞ்சின் கைவிடப்பட்டது. வலிமை குறைந்த எஞ்சினே மாருத்தில் பொருத்தப்பட்டது. ஒலியின் வேகத்தை எட்டிப் பிடிப்பதே அதற்கு அரிதாயிற்று. எகிப்தும் அதே காலத்தில் ஹெல்வானில் இ-300 என்னும் எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தது. இரு நாடுகளும் கை கோத்தன. எகிப்து எஞ்சினை ஒரு மாருத்தில் ஏற்றிப் பறக்கவிட்டும் பார்த்தனர். 1969-இல் எகிப்தின் முயற்சியும் நின்றது. 147 மாருத்துகள் கட்டப்பட்டன. 1971 போரில் அவை திறம்படவே பணியாற்றின. ஆனால் பிறந்த நோக்கத்தை எட்டாமலே ஓய்வு பெற்றன.

பின்னர் 1989-இல், பெங்களூரின் ஜி.டி.ஆர்.இ. என்னும் எஞ்சின் ஆராய்ச்சி நிலையம் ‘காவேரி’ என்ற எஞ்சினை ஆக்கும் பொறுப்பை ஏற்றது. அனுமதிக்கப்பட்ட தொகை 382 கோடியே 81 இலட்சம் ரூபாய். முடிக்க வேண்டிய காலம் 1996. மதிப்பீடு பின்னர் 2,839 கோடியாகத் திருத்தப்பட்டது. 2004-இல் ரஷ்யாவில் சோதித்தனர். 2010-இல் அங்கேயே ஒரு பெரிய விமானத்தில் ஏற்றிப் பறக்கவிட்டுச் சோதித்தனர். ஆயினும் எடை கூடுதலாகவும் உந்துவிசை குறைவாகவும் இருந்தமையால், 2008-இலேயே தேஜஸ் விமானத்திலிருந்து காவேரி பிரிக்கப்பட்டுவிட்டது. தேஜஸ் அமெரிக்க எஞ்சினால் பறக்கிறது. 2021-இல் 99 எஞ்சின்களுக்கு ஒப்பந்தம் செய்தும், அவற்றுள் முதலாவது 2025 மார்ச்சில்தான் வந்து சேர்ந்தது. அதுவரை கட்டிய உடல்கள் இதயத்துக்காகக் காத்திருந்தன.

போர் விமானத்தை எடுத்துக்காட்டுவதால் போரைப் புகழ்வதாக எவரும் எண்ண வேண்டாம். எஞ்சின் செய்யும் பக்குவம் ஒன்றே. அது கைவந்தவர் அதைப் பயணி விமானத்திலும் வைக்கலாம், மின்சாரம் ஆக்கும் நிலையத்திலும் வைக்கலாம். அந்தப் பக்குவத்துக்கான விலையை உரிய காலத்தில் கொடுக்கத் தயங்கிய நாம், இன்று அதைவிடப் பெரிய விலையை வேறு நாடுகளுக்குத் தவணை முறையில் கொடுத்து வருகிறோம். ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றாமல் பணத்தைச் சேமித்த முத்தவல்லி, சுவரும் இடிந்தபின் கட்டடத்தையே புதிதாகக் கட்ட நேர்வதுபோல. வீண்செலவு குற்றமென்றால், உறுதிக்கு வேண்டிய செலவை மறுப்பதும் அமானிதத்துக்குச் செய்யும் குற்றமே. ஊதாரியைக் கண்டிக்கும் நாவு கஞ்சனைக் கண்டிக்கவும் தயங்கக்கூடாது.

இறங்குவதற்கு ஒரு வால்

“எது தூண், எது சித்திரம் என்பது முடிந்தபின் தெரியும், தொடங்கும்போது எப்படித் தெரியும்?” என்று அறிவுடையோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதுவரை எவரும் செய்யாத ஒன்றின் செலவை எவராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் தெரியாமல் குறைத்துச் சொல்வது வேறு. அனுமதி கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே குறைத்துச் சொல்வது வேறு. உண்மைத் தொகையைச் சொன்னால் கதவு திறக்காது என்று அஞ்சிப் பாதித் தொகையைச் சொல்லி உள்ளே நுழைபவர், பிறகு “இவ்வளவு செலவிட்டாயிற்றே, இனி எப்படி விடுவது?” என்று மீதியையும் வாங்கிக்கொள்கிறார். இது வணிகத்தில் மோசடி எனப்படும். பொதுப்பணத்தில் மட்டும் இதற்குத் திட்ட மதிப்பீடு என்று பெயர்!

கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு பிர்னாஸ் என்னும் அறிஞர் இறகுகளைக் கட்டிக்கொண்டு பறக்க முயன்றதை, வரலாற்றாசிரியர் மக்கரீ எழுதி வைத்துள்ளார். சிறிது தூரம் பறந்தாராம். இறங்கும்போது முதுகில் அடிபட்டாராம். பறவை இறங்குவதற்கு வாலைப் பயன்படுத்துகிறது என்பதை அவர் கவனிக்கவில்லை என்பது மக்கரீ கூறும் காரணம். கன்கார்டு ஒப்பந்தத்திலும் இதே குறை இருந்தது. ஒரு நாடு இடையில் விலகிக்கொள்ள அதில் வழியே வைக்கப்படவில்லை. 1964-இல் ஆட்சிக்கு வந்த புதிய பிரிட்டிஷ் அரசாங்கம் விலக விரும்பியும் விலக முடியவில்லை. விலகினால் பெருந்தொகை நஷ்டஈடு கொடுக்க நேரும் என்பது அதன் அச்சம். போன பணத்துக்காகப் போகக்கூடாத பணத்தையும் அனுப்பும் மயக்கத்துக்குக் கன்கார்டு மயக்கம் என்றே அறிஞர்கள் பெயர் சூட்டிவிட்டனர். ஆகவே தொடங்கும்போதே “இன்ன இடத்தில் நிறுத்திக் கணக்குப் பார்ப்போம், தேறாவிட்டால் இறங்குவோம்” என்று எழுதி வைப்பது, உறுதிக்கான செலவின் அடையாளம். நிறுத்த வழியின்றித் தொடங்குவது பெருமைக்கான செலவின் அடையாளம்.

கன்கார்டு 2003-இல் ஓய்வு பெற்றது. இன்று அமெரிக்காவில் பூம் என்னும் தனியார் நிறுவனம் மீண்டும் அம்முயற்சியில் இறங்கியிருக்கிறது. அதற்கு எஞ்சின் செய்து தருவதாக இருந்த ரோல்ஸ் ராய்ஸ் 2022-இல் விலகிக்கொண்டது. 2025 ஜனவரியில் பூமின் சிறு சோதனை விமானம் ஒலியை மிஞ்சியது. தங்கள் சொந்தப் பணத்தில், கீழே இருப்போரின் உறக்கத்தைக் கெடுக்காமல் அவர்கள் செய்வார்களேயானால், செய்து பார்க்கட்டும். சொந்தப் பணத்தில் சித்திரம் தீட்டுபவரை ‘ஹிதாயா’ தடுக்கவில்லை. ஆனால் அவர்கள் நாளை ஏதேனும் ஓர் அரசாங்கத்தின் கருவூல வாசலில் வந்து நிற்பார்களானால், முத்தவல்லியிடம் கேட்கும் கேள்வியை அவர்களிடமும் கேட்க வேண்டும்.

வளையலும் மாளிகையும்

குன்றத்தூரிலிருந்து சில மைல் தொலைவில் குரோம்பேட்டை இருக்கிறது. அங்கே 1949-இல் மதராஸ் தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவியவர் சி. ராஜம் என்னும் செல்வர். தம் மாளிகையை விற்ற பணத்தைக் கொண்டு அதைத் தொடங்கினார். விமானப் பொறியியலைக் கற்பிக்க நம் நாட்டில் முன்வந்த தொடக்ககாலக் கல்லூரிகளுள் அது ஒன்று. 1950-களின் நடுவில் இராமேசுவரத்திலிருந்து ஓர் இளைஞர் அதில் இடம் பெற்றார். சேரும் செலவு ஏறக்குறைய 1,000 ரூபாய். தந்தையால் அத்தொகையைத் திரட்ட இயலவில்லை. அப்போது அவருடைய சகோதரி ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். அவ்விளைஞர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். தம் சொந்தச் சம்பாத்தியத்தைக் கொண்டே அவ்வளையல்களை மீட்பேன் என்று அன்று உறுதி பூண்டதாக, ‘அக்னிச் சிறகுகள்’ என்னும் தம் வரலாற்று நூலில் அவர் எழுதியுள்ளார். கல்வி முடித்ததும் பெங்களூரின் விமானத் தொழிற்சாலையில் அவர் பயிற்சி பெற்றது எஞ்சின்களைப் பழுது பார்க்கும் பிரிவில்தான்.

ஒரு செல்வரின் மாளிகையும், ஒரு பெண்ணின் வளையலும் ஒரே கல்லூரிக்குள் சென்றன. இரண்டும் உறுதிக்கான செலவுகள். இரண்டும் கொடுத்தவரின் சொந்தப் பொருள்கள். ஆனால் வளையலில் ஒரு கூடுதல் பாடம் இருக்கிறது. பெற்றுக்கொண்டவர் அதைக் கடனென உணர்ந்தார். மீட்க வேண்டும் என்ற நினைவோடு படித்தார். பொதுப்பணத்தை எடுத்துச் செலவிடும் ஒவ்வொருவரும் அந்த நினைவோடு இருந்தால் போதும். ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒதுக்கப்படும் 100 கோடி ரூபாய் வெறும் எண்ணன்று. முகம் தெரியாத எத்தனையோ சகோதரிகளின் கழற்றிய வளையல்கள் அவை. அவ்வளையல்களைக் கேட்பதற்கு அஞ்சவும் வேண்டியதில்லை. நல்ல காரியமானால் அவர்கள் மனமுவந்து கழற்றித் தருவார்கள். ஆனால் வாங்கியவர் கணக்குக் காட்ட வேண்டும். தோற்றால் தோற்றதைச் சொல்ல வேண்டும். கற்றதை நாட்டுக்குத் திருப்பித் தர வேண்டும். காவேரியில் நாம் இழந்த பணத்தைவிட, அதில் பெற்ற பக்குவத்தைப் பேணாமல் விட்டுவிட்டால் அதுவே பெரிய இழப்பாகும்.

இவ்வளவும் ஆகாயத்தில் நடக்கும் விவகாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் மஹல்லாக்களைப் பாருங்கள். விண்ணை முட்டும் மினாராவுக்கு வசூல் நடக்கிறது. அதன் நிழலில் இருக்கும் மத்ரஸாவின் உஸ்தாதுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நிற்கிறது. ஒருநாள் திருமண விருந்துக்காக ஒரு தாயின் நகை அடகுக் கடைக்குச் செல்கிறது; அதே வீட்டில் பொறியியலோ மருத்துவமோ படிக்க விரும்பும் பெண்ணிடம் “நம்மிடம் அவ்வளவு பணம் ஏது?” என்று கைவிரிக்கிறோம். பணம் இருக்கிறது, அது வேறு வாசல் வழியே சென்றுவிட்டது. கன்கார்டைக் கட்டிய அரசாங்கங்களும், ஆர்ஃபியஸ் எஞ்சினுக்குப் பணம் மறுத்த அரசாங்கமும் நம்மைப் போன்ற மனிதர்களால் ஆனவையே. நம் வீட்டுப் பழக்கங்களே அங்கே பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

ஆகவே, அடுத்த முறை நம் வீட்டிலோ ஜமாஅத்திலோ ஒரு பெருஞ்செலவு பேச்சுக்கு வரும்போது, தொகையைக் கேட்குமுன் அந்த மூன்று கேள்விகளையும் கேட்போம். பணம் யாருடையது? தூணுக்கா, சித்திரத்துக்கா? தவறினால் ஈடு செய்பவர் யார்? தூணுக்கு என்று தெளிவானால், தொகை எவ்வளவாயினும் தயங்காமல் கொடுப்போம். சித்திரத்துக்கு என்று தெரிந்தால், ஆசைப்பட்டவரின் சொந்தப் பணப்பையை நோக்கிக் கைகாட்டுவோம்.